திருகோணமலையிலிருந்து ஷெங்கன் வீசா: பாரிஸ் கல்யாணம், சூரிச் அண்ணன், டோர்ட்முண்ட் சித்தி மகள், எல்லாம் ஒரே பயணத்தில்

நம்முடைய ஆட்களின் ஐரோப்பியப் பயணம் ஒரு நாட்டோடு முடிவதே இல்லை. கல்யாண வீடு பாரிஸில் இருக்கும், அண்ணன் சூரிச்சில் இருப்பார், சித்தி மகள் டோர்ட்முண்டில் இருந்துகொண்டு "இவ்வளவு தூரம் வந்திட்டு எங்கட வீட்டுக்கு வராமல் போறதோ" என்று கேட்பாள். அப்போது மூன்று வீசா எடுக்கவேண்டுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. வேண்டாம். ஷெங்கன் என்று சொல்லப்படுகிற 29 நாடுகளுக்கும் ஒரே குறுகிய கால வீசா போதும், அதை 'சி' வகை வீசா என்பார்கள். 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்க அதில் இடம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் 90 நாள் கிடைக்காது, நீங்கள் கேட்கிற நாளும் அவர்கள் சரியென்று நினைக்கிற நாளும்தான் கிடைக்கும்.

பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவீடன் எல்லாம் இதற்குள் வரும். சுவிஸும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கின்றன, ஆகவே அவற்றுக்குத் தனி வீசா தேவையில்லை. 2025 ஜனவரியிலிருந்து ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. லண்டன் இதற்குள் இல்லை. அயர்லாந்தும் சைப்ரஸும் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலேறி லண்டனுக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வரலாம் என்று யாராவது திட்டம் போட்டால் பிரித்தானிய வீசா தனியாக எடுக்கவேண்டும், திரும்பி ஷெங்கனுக்குள் வருவதற்கு இங்கே எடுக்கிற வீசாவும் ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்கவேண்டும். இதைப் படிவம் நிரப்பும்போதே கேட்கவேண்டும், பிறகு மாற்றிக் கேட்க முடியாது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே இது தெரிந்துவிடும். ஒரு தாளில் தேதி வாரியாக எந்த இரவு எந்த ஊரில் என்று எழுதுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் நிற்கிறீர்களோ, அல்லது பயணத்தின் முக்கியக் காரணம் எங்கே இருக்கிறதோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். பாரிஸில் ஒன்பது நாள், சூரிச்சில் ஆறு நாள், டோர்ட்முண்டில் ஐந்து நாள் என்றால் பிரான்ஸ். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் கால் வைக்கிற நாடு. விமானம் சூரிச்சில் இறங்கினாலும் பரவாயில்லை, பிரான்ஸ் கொடுத்த வீசாவோடு சூரிச்சில் இறங்கலாம், உங்கள் பயணத் திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றால்.

"அந்தத் தூதரகம் கடினம், இந்த நாட்டில் போடு, சுலபமாகத் தருவான், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். தயவுசெய்து கேட்காதீர்கள். இத்தாலியில் பத்து நாள் ஹோட்டல் என்று காட்டி வீசா எடுத்துவிட்டு நேரே பாரிஸில் போய் இறங்கினால், விமான நிலையத்தில் "இத்தாலிக்கு எப்போது போகிறீர்கள், ஹோட்டல் எங்கே" என்று கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது. அங்கேயே வீசாவை ரத்துச் செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கொழும்பில் பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, சுவிஸ், ருமேனியா தூதரகங்கள் இருக்கின்றன. நோர்வே தூதரகம் 2023 இல் கொழும்பில் மூடப்பட்டுவிட்டது. ஒஸ்லோவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் கேட்டதும் பயந்துவிடுகிறார்கள், பயப்படத் தேவையில்லை. கொழும்பில் தூதரகம் இல்லாத நாடுகளுக்காக வேறொரு நாடோ விண்ணப்ப நிலையமோ (தூதரகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிக் கொடுக்கிற நிறுவனத்தின் அலுவலகம்) விண்ணப்பம் வாங்கும் ஏற்பாடு வழக்கமாக இருக்கும். யார் வாங்குகிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால் அந்த நாட்டின் உத்தியோகபூர்வ குடிவரவு இணையத்தளத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். போன வருடம் போன பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், அவர் சொல்வது அவருடைய வருடத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

எப்போது தொடங்குவது

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுக்கவேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு 15 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி, ஆனால் கூடுதலாக விசாரிக்கவேண்டும் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இந்த நாட்கணக்கு கொழும்பில் பத்திரங்களைக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும், கொடுப்பதற்கு நேரம் பதிவு செய்யக் காத்திருக்கிற நாட்கள் இதில் சேராது. நம்முடைய கல்யாணங்கள் பெரும்பாலும் அங்குள்ள பள்ளிக்கூட விடுமுறையில், ஜூலை ஓகஸ்டில்தான் வைக்கிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் நேரம் கிடைப்பதே பெரிய பாடு. ஓகஸ்ட் கல்யாணத்துக்கு மார்ச்சிலேயே பத்திரங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். கடந்த பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறுகிற நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கவேண்டும். காலாவதி நெருங்கியிருந்தால் வீசாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். பத்தரமுல்லை வரைக்கும் போகத்தான் வேண்டும் என்றில்லை, வவுனியாவிலும் குருநாகலிலும் கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன.

அரசாங்க வேலையில் இருக்கிற ஆசிரியர்கள், தாதியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் இன்னொரு வேலையையும் இப்போதே தொடங்கவேண்டும். வெளிநாட்டு விடுமுறைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், அந்தக் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர நாளெடுக்கும். வீசா வந்த பிறகு விடுமுறை கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த விடுமுறைக் கடிதமே வீசாவுக்கு நல்ல பத்திரம்.

அங்கிருந்து வரவேண்டிய பத்திரங்கள்

உறவினர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், அவர் கையால் எழுதிய அழைப்புக் கடிதம் மட்டும் பல இடங்களில் போதாது. பிரான்ஸில் உங்களைத் தங்க வைக்கிறவர் தன்னுடைய நகரசபைக்குப் போய், தான் இன்னாரை இத்தனை நாள் வீட்டில் வைத்திருக்கிறேன் என்று அத்தாட்சி எடுக்கவேண்டும், அதற்கு 30 யூரோ முத்திரை. வீட்டின் பரப்பளவு, வாடகைப் பத்திரம், சம்பளச் சிட்டை எல்லாம் கேட்பார்கள், சில நகரசபைகளில் கையில் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஜேர்மனியில் அவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், உங்கள் செலவு முழுவதற்கும் தானே பொறுப்பு என்று முறைப்படி கையெழுத்து வைக்கவேண்டும். அந்தப் பத்திரம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சுவிஸில் கொஞ்சம் வித்தியாசம், முதலில் அழைப்புக் கடிதத்தோடு இங்கே விண்ணப்பிக்கிறீர்கள், உங்கள் காசு போதாது என்று தூதரகம் நினைத்தால் ஒரு பொறுப்புப் படிவம் தருவார்கள், அதை அங்குள்ளவர் தன்னுடைய மாநில அல்லது ஊராட்சி அதிகாரிகளிடம் கொண்டுபோய் 30,000 பிராங் வரைக்குப் பொறுப்பேற்று உறுதி செய்யவேண்டும்.

பிரான்ஸ், ஜேர்மனிப் பத்திரங்களின் மூலப்பிரதி உங்கள் கைக்கு வந்து சேரவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொண்டு போய்விட்டு, கொழும்பில் திரும்பி நிற்பது இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தவருக்கு எவ்வளவு வேதனை என்று சொல்லத் தேவையில்லை. கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டாவது மூன்றாவது நாடுகளில் சில நாள் மட்டும் நிற்பதற்கு இவ்வளவு பெரிய பத்திரம் பொதுவாகத் தேவைப்படாது, அங்குள்ளவரின் அழைப்புக் கடிதம், வதிவிட அட்டைப் பிரதி, முகவரிக்கான ஆதாரம் சேர்த்து வைத்தால் நல்லது. கல்யாணம் என்றால் அழைப்பிதழும் மண்டபம் பதிவு செய்த சீட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்காசு எவ்வளவு காட்டவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸுக்கு, அந்த நகரசபை அத்தாட்சி இருந்தால் ஒரு நாளுக்கு 32.50 யூரோ, ஹோட்டல் என்றால் 65 யூரோ, இரண்டும் இல்லை என்றால் 120 யூரோ என்று கணக்கு. மேலே சொன்ன இருபது நாள் பயணத்தில் பாரிஸில் நிற்கும் ஒன்பது நாளுக்கு அத்தாட்சியோடு 292.50 யூரோ, அத்தாட்சியும் ஹோட்டலும் இல்லாமல் போனால் 1,080 யூரோ. அந்தத் துண்டுக் கடதாசிக்காக அங்குள்ளவர் நகரசபையில் வரிசையில் நிற்பது ஏன் பெறுமதியானது என்பது இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே புரியும்.

இங்கிருந்து காட்டவேண்டியது, இதுதான் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். வீசா அதிகாரி முதலில் தேடுகிற பதில் "இவர் திரும்பி வருவாரா" என்பதற்குத்தான். திருகோணமலையில் வேரூன்றி வாழ்கிற மனிதருக்குத் திரும்பி வருவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வீடு, வளவு, படகு, கடை, பிள்ளைகளின் படிப்பு, வயதான தாய், கோயில் பொறுப்பு. ஆனால் நம்முடைய வாழ்க்கையில் பாதி கடதாசியில் இல்லை. வருமானம் கையில் காசாக வரும், வளவு தாத்தா பெயரிலேயே இருக்கும், கடை தம்பி பெயரில் பதிவாகி அண்ணன் நடத்துவார். கொழும்பில் இருந்து உங்கள் கோப்பைப் புரட்டுகிறவருக்கு இவை எதுவும் தெரியாது, அவருக்குத் தெரிவது நீங்கள் வைத்த தாள்கள் மட்டும்தான்.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரோடு முடிகிறது. தூதரகம் கேட்பது கடைசி மூன்று அல்லது ஆறு மாத வங்கிக் கூற்று. அவர் பெப்ரவரியில் விண்ணப்பித்தால், கூற்றில் தெரிவது மழைக்காலம் மட்டுமே, காசு உள்ளே வரவில்லை, மின்சாரக் கட்டணமும் சம்பளமும் வெளியே மட்டும் போயிருக்கிறது. அதிகாரியின் கண்ணுக்கு அது நொடிந்துபோன வியாபாரம். ஆகவே கேட்டது மூன்று மாதமாக இருந்தாலும் பன்னிரண்டு மாதக் கூற்றை வங்கியில் முத்திரையோடு எடுத்துக் கொடுங்கள், கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் எந்த மாதங்கள் என்று உறைக் கடிதத்தில், அதாவது கோப்பின் மேலே நீங்களே எழுதி வைக்கிற விளக்கக் கடிதத்தில், இரண்டு வரி எழுதுங்கள், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருந்தால் அதன் பிரதி, இணையத்தில் வந்த முன்பதிவுகளின் வருடாந்தத் தொகை, அடுத்த சீசனுக்கு ஏற்கெனவே வந்திருக்கிற முன்பதிவுகள், இவற்றையும் வையுங்கள். அடுத்த மே மாதத்துக்கு அறை பதிவாகியிருக்கிறது என்பது, மே மாதத்துக்கு முன் நீங்கள் ஊரில் நிற்கவேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி.

மீன்பிடிக்காரருக்கும் இதே கதைதான். படகின் பதிவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கடிதம், மீன் வாங்குகிற முதலாளியின் பற்றுச்சீட்டுகள். கடை வைத்திருப்பவர் வியாபாரப் பதிவும் வரி செலுத்துகிறார் என்றால் அதன் பத்திரமும். கம்பனி வேலை என்றால் வேலைக் கடிதம், சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப் கூற்று, விடுமுறைக் கடிதம். ஓய்வுபெற்றவர் என்றால் ஓய்வூதியம் வந்து விழுகிற கணக்கின் கூற்று, மாதா மாதம் ஒரே தொகை வருவது மிகவும் நம்பிக்கையான தோற்றம். வருமானம் இல்லாத அம்மாமார், பிள்ளைகள் அனுப்புகிற காசில் வாழ்கிறவர்கள், அதை மறைக்கத் தேவையில்லை. யார் அனுப்புகிறார், எவ்வளவு காலமாக அனுப்புகிறார் என்று வங்கிக் கூற்றில் கோடிட்டுக் காட்டி, அந்தப் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைச் சேர்த்து உறவை நிரூபியுங்கள்.

விண்ணப்பத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மச்சானிடம் கைமாற்றாகப் பத்து லட்சம் வாங்கிக் கணக்கில் போடுகிற வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கூற்றில் அந்தத் தொகை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாது, அதுவரை உண்மையாக இருந்த மற்றப் பத்திரங்கள் மீதும் சந்தேகம் விழும். காணி விற்ற காசு என்றால் உறுதியின் பிரதி, சீட்டு எடுத்த காசு என்றால் அதன் ஆதாரம், நகை அடகு வைத்தது என்றால் அடகுச் சீட்டு. உண்மையான காரணம் இருந்தால் பெரிய தொகை ஒரு பிரச்சினையே இல்லை.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றவேண்டும். போகும்போது பாஸ்போர்ட் பிரதியையும் கையோடு கொண்டுபோய், பெயரை அதில் இருக்கிற எழுத்துப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே தகப்பனின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருந்தால், அதற்குக் காரணம் நமக்குத் தெரியும், கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி ஒன்று எடுத்து வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த உறைக் கடிதம். ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில். நான் யார், என்ன தொழில், யாரைப் பார்க்கப் போகிறேன், எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த வீட்டில் நிற்பேன், செலவு யாருடையது, எந்தத் தேதியில் திரும்புவேன், திரும்பி வந்து செய்யவேண்டிய வேலை என்ன. கெஞ்சவேண்டாம், ஐரோப்பாவின் அழகைப் பற்றி எழுதவேண்டாம். கடிதத்தில் இருக்கிற தேதி, படிவத்தில் இருக்கிற தேதி, டிக்கெட் முன்பதிவில் இருக்கிற தேதி, அழைப்புக் கடிதத்தில் இருக்கிற தேதி, காப்புறுதித் தேதி, இந்த ஐந்தும் ஒன்றாக இருக்கவேண்டும். கொடுப்பதற்கு முதல் நாள் இரவு வீட்டில் வேறொருவரிடம் கோப்பைக் கொடுத்து, தேதிகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காப்புறுதி, டிக்கெட், படிவம்

பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக, அவசர வைத்தியமும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்ந்ததாக இருக்கவேண்டும். இலங்கைக் காப்புறுதி நிறுவனங்களிலேயே எடுக்கலாம், "ஷெங்கன்" என்று பத்திரத்தில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்குக் கட்டணம் கூடும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர், இதய நோய் போன்றவற்றை இந்தக் காப்புறுதிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஆகவே அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் மருந்தை முழு நாட்களுக்கும் போதுமான அளவு வாங்கி, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வைத்துவிடுங்கள்.

டிக்கெட்டுக்கு முன்பதிவு மட்டும் போதும், வீசா வருவதற்கு முன்னால் திருப்பித் தராத டிக்கெட்டுக்குக் காசு கட்டாதீர்கள். படம் 35 க்கு 45 மில்லிமீற்றர், அண்மையில் எடுத்தது. படிவம் எல்லா நாட்டுக்கும் அடிப்படையில் ஒன்றுதான், அதில் போடுகிற தொலைபேசி இலக்கம் நீங்களே எடுத்துப் பேசுகிற இலக்கமாக இருக்கட்டும், தூதரகத்திலிருந்து அழைத்துக் கேட்கிற சந்தர்ப்பம் உண்டு.

கொழும்புக்குப் போகிற நாள்

நேரம் பதிவு செய்யும்போதே திருகோணமலையை மனதில் வைத்துச் செய்யுங்கள். இரவு பஸ் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக விடியப்புறம் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் மழைக்காலத்தில் பாதையை நம்ப முடியாது. காலை எட்டரை மணி நேரத்தை எடுக்காமல் பத்து மணிக்குப் பிறகு எடுங்கள், முடியுமானால் முதல் நாளே வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் போய் நில்லுங்கள். பெரிய பைகளை நிலையத்துக்குள் விடமாட்டார்கள். மூலப்பிரதிகள் ஒரு கோப்பில், பிரதிகள் அதே ஒழுங்கில் இன்னொரு கோப்பில்.

விண்ணப்பதாரர் நேரில் போகவேண்டும், பத்து விரல் அடையாளமும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல் அடையாளம் தேவையில்லை. பிள்ளை ஒரு பெற்றோருடன் மட்டும் பயணம் செய்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். கொடுக்கும்போது கேள்வி கேட்டால் கோப்பில் உள்ளதையே சொல்லுங்கள், எதையாவது கூட்டிச் சொல்லப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை என்றால் 225 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல், அது பொதுவாக வீசாக் கட்டணத்தில் அரைவாசிக்கு மேல் போகக் கூடாது. வீசா மறுக்கப்பட்டாலும் இந்தக் காசு திரும்பி வராது. அங்கே தருகிற குறுஞ்செய்திச் சேவை, விசேட அறை போன்றவை உங்கள் விருப்பம், வீசா கிடைப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பாஸ்போர்ட்டைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்புகிற வசதி இருந்தால் அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம், இன்னொரு கொழும்புப் பயணம் மிச்சம். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிற நாட்களில் நீங்கள் இந்தியாவுக்குக்கூடப் போகமுடியாது, யாத்திரையோ சென்னையில் வைத்தியமோ திட்டமிட்டிருந்தால் முன்னால் அல்லது பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை லட்சம் கொடுத்தால் வீசா நிச்சயம் என்கிற ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். படிவம் நிரப்பித் தருவதற்கு நியாயமான கூலி வாங்குகிறவர் வேறு, அது உதவி. வீசாவை உறுதியாகத் தருகிறேன் என்கிறவர் உங்களிடம் விற்பது போலி வேலைக் கடிதமும் போலி வங்கிக் கூற்றும்தான். தூதரகம் வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் முடிந்தது. மறுப்பு அவர்களுடைய வீசாத் தகவல் அமைப்பில் ஐந்து வருடம் வரை இருக்கும், எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கலாம், மாட்டிக்கொள்வது அவரல்ல, நீங்கள்.

வீசா வந்த பிறகு

ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நிலையத்திலேயே நின்று வாசியுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் பயணம் நடக்கவேண்டும். அதற்குக் கீழே தனியாக நாட்களின் எண்ணிக்கை இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். தேதிகள் ஜூலை 20 முதல் ஓகஸ்ட் 23 வரை, நாட்கள் 20 என்றிருந்தால், அந்தத் தேதிகளுக்குள் மொத்தம் 20 நாள்தான் நிற்கலாம், ஓகஸ்ட் 23 வரைக்கும் அல்ல. இறங்குகிற நாளும் புறப்படுகிற நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01 என்றால் ஒரு முறை, 02 என்றால் இரு முறை, மல்ட் என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் பல முறை. பெயர், பாஸ்போர்ட் இலக்கம் எதிலாவது பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.

மறுத்தால் காரணங்களில் குறியிட்ட ஒரு படிவம் தருவார்கள். கோபத்தில் அதைக் கிழித்துவிடாமல் எந்தக் காரணத்தில் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள். பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, செலவுக்குக் காசு போதாது, திரும்புவதில் சந்தேகம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். மேன்முறையீடு செய்யும் வழி நாட்டுக்கு நாடு மாறும், படிவத்திலேயே எழுதியிருக்கும். பிரான்ஸ் என்றால் 30 நாளுக்குள். ஜேர்மனி 2025 ஜூலையிலிருந்து தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கிற முறையை நிறுத்திவிட்டது, இனி பேர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் அல்லது புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். குறைந்த பத்திரத்தைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலும் விரைவான வழி, அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. அதே கோப்பை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

பயண நாளில் அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் டிக்கெட், உறவினரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வீசா இருந்தாலும் எல்லையில் இவற்றைக் கேட்கலாம். 2025 ஒக்டோபர் 12 இலிருந்து உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் கணினியில் பதிவாகத் தொடங்கியிருக்கிறது, பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரையின் இடத்தை அது படிப்படியாக எடுக்கிறது. அனுமதித்ததைவிட ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் அது தானாகவே தெரிந்துவிடும். உள்ளே போனபின் நாடுகளுக்கு இடையே வழக்கமான சோதனை இல்லைதான், ஆனால் ஜேர்மனி 2024 செப்டெம்பரிலிருந்து தன்னுடைய எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, சூரிச்சிலிருந்து டோர்ட்முண்டுக்கு ரயிலில் போகும்போது பொலிஸ் ஏறிக் கேட்டால் காட்டுவதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும், அண்ணன் வீட்டு அலுமாரியில் இருந்தால் சரிவராது.

கனடாவுக்குப் போகிற வழியில் ஐரோப்பிய விமான நிலையத்தில் மாறி ஏறுகிறவர்களுக்கும் ஒரு சொல். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் தனி வீசா தேவை. செல்லுபடியான கனடா அல்லது அமெரிக்க வீசா இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. டோஹா, துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

ஊருக்கு வந்த பிறகு விமானச் சீட்டுகளின் அடிக்கட்டையைக் கோப்பிலேயே போட்டு வையுங்கள், சொன்ன தேதிக்குள் திரும்பினீர்கள் என்பதற்கு அடுத்த விண்ணப்பத்தில் அதுதான் ஆதாரம். கொடுத்த விரல் அடையாளம் 59 மாதத்துக்கு அவர்களிடம் இருக்கும், அதற்குள் திரும்ப விண்ணப்பித்தால் படிவத்தில் அந்தத் தேதியையும் பழைய வீசா இலக்கத்தையும் எழுதுங்கள், அதனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் வீசா ஒட்டிய பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள்.